ஹீமோகுளோபின் கம்மின்னு ரிப்போர்ட் வந்தா: ரத்த சோகையோட காரணத்தைத் தேடிப் பிடிக்கறது எப்படி

ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 9.8னு வருது, பக்கத்துல கீழ பார்த்த மாதிரி ஒரு அம்புக்குறி, உடனே அயர்ன் மாத்திரை ஒரு அட்டை வாங்கி முழுங்க ஆரம்பிச்சிடறாங்க. நிறைய பேருக்கு அது வேலையும் செஞ்சிடும், ஏன்னா உலகம் முழுக்க ரத்த சோகைக்கு ரொம்ப சகஜமான காரணம் இரும்புச்சத்து குறையறதுதான். சிக்கல் என்னன்னா, இரும்பு ஏன் குறைஞ்சுதுங்கற கேள்வி அங்கயே செத்துப் போயிடுது. குடல்ல ஒரு புண்ணோ கட்டியோ கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசியவிட்டுட்டு இருந்தா, மாத்திரை நம்பரை ஏத்திக் காட்டும், கட்டி பாட்டுக்கு வளந்துட்டு இருக்கும். அதனால இந்தப் பதிவு முழுக்க ஒரே விஷயத்தைப் பத்திதான்: நம்பர் குறைஞ்சதுக்கு அப்புறம் காரணத்துக்கு எப்படிப் போய்ச் சேர்றது. மருந்து நீங்களா எடுத்துக்கறதுக்கு இல்ல, டாக்டர் முன்னாடி உக்காரும்போது என்ன கேக்கணும், கைல இருக்கற ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு.

முதல்ல, நிஜமாவே கம்மியா?

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல ஆம்பளைங்களுக்கு 13 கிராமுக்குக் கீழ, கர்ப்பமா இல்லாத பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனா ரத்த சோகை. கர்ப்பத்துல 11, நடுவுல இருக்கற மூணு மாசத்துக்கு மட்டும் 10.5, ஏன்னா அப்ப ரத்தத்துல தண்ணிப் பகுதி அதிகமாகி எல்லாமே கொஞ்சம் நீர்த்துப் போயிருக்கும். குழந்தைங்களுக்கு வயசை வச்சு மாறும்: 6 மாசத்துலேர்ந்து 2 வயசு வரைக்கும் 10.5, அதுக்கு மேல 5 வயசு வரைக்கும் 11, 5லேர்ந்து 11 வயசு வரைக்கும் 11.5, 12லேர்ந்து 14 வரைக்கும் 12. லேப் ரிப்போர்ட்ல ஓரமா அச்சடிச்சிருக்கற ரேஞ்ச் சில நேரம் பெரியவங்களுக்கானதாவே இருக்கும், குழந்தை ரிப்போர்ட்டைப் பாத்து பயப்படறதுக்கு முன்னாடி அதைக் கவனிங்க.

நம்பர் ஏமாத்தவும் செய்யும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் ரொம்ப உயரமான மலைப்பகுதில வாழறவங்களுக்கும் ஹீமோகுளோபின் இயல்பாவே கொஞ்சம் ஏறி இருக்கும், அவங்களுக்கு 12.5 வந்தா நார்மல்னு விட்டுடக் கூடாது. வாந்தி பேதி ஆகி உடம்புல தண்ணி வத்தி இருக்கறப்ப எடுத்தா இருக்கறதை விட அதிகமா காட்டும். இதை விட மோசமானது, இப்பதான் நிறைய ரத்தம் போயிருக்குன்னா முதல் சில மணி நேரம் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நார்மலாவே காட்டும், ஏன்னா அணுவும் தண்ணியும் சேந்தே வெளிய போயிருக்கு, உடம்பு தண்ணியை ஈடு கட்டினதுக்கு அப்புறம்தான் நம்பர் விழும். ஒரு தடவை வந்த நம்பரை விட, போன வருஷம் 13.5 இருந்தது இப்ப 12.1 ஆயிடுச்சுங்கற மாதிரி இறங்கற போக்குதான் நிறைய சொல்லும், அதனால பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க.

உடம்பு என்ன காட்டும்

அசதி, படி ஏறினா மூச்சு வாங்கறது, படபடப்பு, தலைவலி, எழுந்திரிக்கறப்ப தலை சுத்தறது, கை கால் சில்லுன்னு இருக்கறது, இதெல்லாம் எந்த வகை ரத்த சோகைலயும் வரும், தைராய்டு கோளாறுலயும் தூக்கம் இல்லாமலும் மன அழுத்தத்துலயும் கூட வரும், அதனால இதை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மெதுவா குறைஞ்சா உடம்பு பழகிடும், 7 கிராம் வச்சுக்கிட்டு "எனக்கு ஒண்ணும் இல்ல, வயசாகுதுல்ல"ன்னு நடமாடிட்டு இருக்கறவங்க உண்டு. அதுவே ரெண்டு நாள்ல 13லேர்ந்து 9க்கு வந்தா நிக்கவே முடியாது. ஏற்கனவே இதயத்துல பிரச்சனை இருக்கறவங்களுக்கு லேசா குறைஞ்சா கூட நெஞ்சு வலி வரலாம்.

காரணத்துப் பக்கம் கை காட்டற அறிகுறிங்கதான் முக்கியம், அதைத்தான் பலரும் டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுடறாங்க. ஐஸ் கட்டியை கடகடன்னு கடிச்சு சாப்பிடணும்னு தோணுதா, மண்ணு, சுண்ணாம்பு, அரிசி மாதிரி ஏதாவது தின்னணும்போல இருக்கா? கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா இரும்பு குறைபாட்டோட ரொம்ப குறிப்பான அடையாளம் இதுதான். நகம் நடுவுல குழிஞ்சு ஸ்பூன் மாதிரி ஆகறது, வாய் ஓரம் வெடிக்கறது, ராத்திரி படுத்தா காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல ஒரு தவிப்பு, முடி கொட்டறது, இதுங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கை கால் விரல்ல மரத்துப் போறது, ஊசி குத்தற மாதிரி இருக்கறது, கண்ணை மூடினா நிக்கத் தடுமாறறது, மறதி, நாக்கு வழவழன்னு சிவந்து எரியறதுன்னா வைட்டமின் பி12 குறைபாட்டுப் பக்கம் யோசிக்கணும். கண்ணு மஞ்சளாகி, யூரின் டீ டிகாஷன் கலர்ல போனா சிவப்பணு உள்ளயே உடையுதான்னு பாக்கணும். காரணமில்லாம நீலமா ரத்தக்கட்டு, ஈறுல ரத்தம், அடிக்கடி காய்ச்சல் இதெல்லாம் கூட சேந்து வந்தா தள்ளிப் போடவே கூடாது, எலும்பு மஜ்ஜைலயே கோளாறு இருக்கலாம்.

கீழ் இமையை இழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கான்னு பாக்கறது நல்ல பழக்கம்தான். நல்லா வெளுத்திருந்தா டெஸ்ட் எடுத்தே ஆகணும். சிவப்பா இருந்தா ரத்த சோகை இல்லன்னு மட்டும் நினைக்காதீங்க, லேசா குறைஞ்சிருக்கறது கண்ணுக்குத் தெரியாது.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எழுதி வைக்க வேண்டியது

சிவப்பணு எலும்பு மஜ்ஜைல உருவாகி சுமார் 120 நாள் ஓடி முடிஞ்சதும் மண்ணீரல்லயும் ஈரல்லயும் கழிச்சு விடப்படுது, இரும்பு மட்டும் திரும்ப உபயோகத்துக்கு வந்துடும். இந்த ஓட்டத்துல கோளாறு எங்க வரும்? ரத்தம் வெளிய போகணும், இல்ல புதுசா உருவாகறது குறையணும், இல்ல 120 நாளுக்கு முன்னாடியே உடையணும். டாக்டர் கேக்கற கேள்வி எல்லாமே இதுல எதுன்னு கண்டுபிடிக்கத்தான்.

ரத்தப் போக்குதான் முதல் சந்தேகம். பீரியட்ஸ் 7 நாளுக்கு மேல போகுதா, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேட் மாத்த வேண்டியிருக்கா, பெரிய கட்டியா வருதா, ராத்திரி எழுந்து மாத்தறீங்களா? "எனக்கு எப்பவுமே இப்படித்தான்"னு சொல்றவங்கதான் அதிகம், எப்பவுமே இப்படி இருக்கறதே காரணமா இருக்கலாம்ங்க, வெக்கப்படாம சொல்லுங்க. மூலம், மலத்துல ரத்தம், தார் மாதிரி கருப்பா பிசுபிசுன்னு நாத்தத்தோட மலம், இதெல்லாம் அடுத்தது. அயர்ன் மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருப்பாகும், ஆனா அது பிசுபிசுன்னு தார் மாதிரி இருக்காது. வலி மாத்திரை ரொம்ப நாளா போடறீங்களா, ஆஸ்பிரினோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ ஓடுதா, அடிக்கடி ரத்த தானம் கொடுக்கறீங்களான்னும் எழுதிக்கங்க.

ஒரு சின்ன கணக்கு போட்டா இது ஏன் முக்கியம்னு புரியும். 1 மில்லி ரத்தத்துல கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு, சாப்பாட்டுல இருந்து உடம்பு ஒரு நாளைக்கு சாதாரணமா உறிஞ்சறது 1, 2 மில்லிகிராம்தான். அப்ப தினம் 5, 6 மில்லி குடல்ல கசிஞ்சாலே வரவை விட செலவு அதிகம், அவ்ளோ கொஞ்சமா கசிஞ்சா மலம் கருப்பாவும் ஆகாது, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. கொக்கிப்புழு வயித்துல இருக்கறவங்களுக்கும் நடக்கறது இதேதான்.

அப்புறம் சாப்பாடு: மாமிசம், முட்டை, பால் எதுவும் தொடாதவங்களுக்கு பி12 கிடைக்க வழி ரொம்ப கம்மி. மெட்ஃபார்மின், ஆசிடிட்டிக்கு வருஷக்கணக்கா போடற மாத்திரை, இது ரெண்டும் பி12 உறிஞ்சறதைக் குறைக்கும். வயித்துலயோ குடல்லயோ ஆபரேஷன் ஆகியிருந்தா, கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோய் இருந்தா, குடி இருந்தா அதையும் சொல்லணும். குடும்பத்துல யாருக்காவது தலசீமியா, சிக்கிள் செல் (ரெண்டுமே பரம்பரையா வர ஹீமோகுளோபின் கோளாறு), சின்ன வயசுலயே பித்தப்பைக் கல், மண்ணீரல் எடுத்த கதை உண்டான்னு விசாரிங்க. கிட்னி பிரச்சனை, மூட்டுவாதம், காசநோய் மாதிரி நீண்ட நாள் நோய் இருந்தா அதுவே காரணமா இருக்கலாம், சிவப்பணு உருவாக்கச் சொல்லி மஜ்ஜைக்குத் தகவல் அனுப்பற எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் பெரும்பாலும் கிட்னிலதான் சுரக்குது.

சிபிசி ரிப்போர்ட்டைப் படிக்கற வரிசை

சிபிசிங்கற முழு ரத்த கவுன்ட்டுக்கு வெறும் வயித்துல போகணும்னு இல்ல. ரிப்போர்ட் வந்ததும் ஹீமோகுளோபினைப் பாத்துட்டு மடிச்சு வச்சிடறதுதான் வழக்கம், மிச்ச வரிங்கள்லதான் கதையே இருக்கு.

முதல்ல வெள்ளையணுவையும் பிளேட்லெட்டையும் பாருங்க. ஹீமோகுளோபினோட சேந்து இந்த ரெண்டும் குறைஞ்சிருந்தா சாதாரண இரும்பு குறைபாடு கணக்கு செல்லாது, பி12 ரொம்ப குறைஞ்சிருக்கலாம், மஜ்ஜைல பெரிய பிரச்சனையும் இருக்கலாம், அன்னிக்கே டாக்டரைப் பாக்கணும். இரும்பு குறைபாட்டுல பிளேட்லெட் பெரும்பாலும் நார்மலாவோ கொஞ்சம் ஏறியோ இருக்கும், அதைப் பாத்து தனியா பயப்பட வேண்டாம்.

அடுத்து எம்சிவி, அதாவது சிவப்பணுவோட சராசரி சைஸ். பெரியவங்களுக்கு 80லேர்ந்து 100 வரை நார்மல். 80க்குக் கீழன்னா இரும்பு குறைபாடு, தலசீமியா, சில நேரம் நீண்ட நாள் நோய். 100க்கு மேலன்னா பி12 குறைபாடு, ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் சத்து) குறைபாடு, குடி, ஈரல் நோய், தைராய்டு மந்தம், மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி சில மருந்து, வயசானவங்களுக்கு மஜ்ஜைக் கோளாறு. நடுவுல இருந்தா கிட்னி, நீண்ட நாள் நோய், புதுசா ரத்தம் போனது, அணு உடையறது. இங்க ஒரு பொறி இருக்கு: இரும்பும் பி12ம் சேந்து குறைஞ்சா ஒண்ணு சின்னதாக்கும் இன்னொண்ணு பெருசாக்கும், சராசரி போட்டா எம்சிவி 88னு அழகா நார்மல்ல நிக்கும். அதைக் காட்டிக் கொடுக்கறது ஆர்டிடபிள்யூ, அணுங்களோட சைஸ் எவ்ளோ ஏறுக்கு மாறா இருக்குங்கறதோட அளவு, அது 14.5, 15க்கு மேல போனா கலவையா இருக்குன்னு அர்த்தம்.

எம்சிவி கம்மியா இருக்கறப்ப இரும்பா, இல்ல தலசீமியாவோட லேசான வகையான தலசீமியா மைனரான்னு ஒரு தோராய கணக்கு இருக்கு, எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால (மில்லியன்ல) வகுங்க. எம்சிவி 64, சிவப்பணு 5.8ன்னா சுமார் 11 வரும், 13க்குக் கீழ வந்தா தலசீமியா பக்கம் சாயுது. எம்சிவி 72, சிவப்பணு 3.9ன்னா 18 வரும், அது இரும்பு குறைபாட்டுப் பக்கம். இது வெறும் குறிப்புதான், இதை வச்சு தீர்ப்பு எழுதக்கூடாது, உறுதி பண்ண ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ் இல்ல ஹெச்பிஎல்சி டெஸ்ட் வேணும், அதுல ஏ2ங்கற அளவு 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா பீட்டா தலசீமியா மைனர்னு சொல்வாங்க. இரும்பு ரொம்ப குறைஞ்சிருக்கறப்ப ஏ2 பொய்யா குறைச்சுக் காட்டலாம், அதனால சந்தேகமா வந்தா இரும்பை சரி பண்ணிட்டு திரும்ப எடுக்கறது உண்டு. ஆல்ஃபா தலசீமியா இந்த டெஸ்ட்ல நழுவிடும், அதுக்கு மரபணு டெஸ்ட். இவ்ளோ மெனக்கெடறது எதுக்குன்னா, மைனர் இருக்கறவங்களுக்கு அதுக்குன்னு மருந்தே வேண்டாம், ஆனா கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் இருந்தா பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர்ங்கற கடுமையான வகை வர 4ல 1 வாய்ப்பு, அதனால குழந்தைக்குத் திட்டமிடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். வருஷக்கணக்கா இரும்பு முழுங்கியும் எம்சிவி 65லேயே நிக்குதுன்னு சொல்றவங்க முதல்ல கேக்க வேண்டிய டெஸ்ட் இதுதான்.

ஃபெரிட்டின், அப்புறம் மத்த டெஸ்ட்

இரும்பு குறைபாடுன்னு உறுதி பண்ண சீரம் அயர்ன் மட்டும் போதாது. சீரம் அயர்ன் பையில இருக்கற சில்லறை, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாறிக்கிட்டே இருக்கும், நேத்து போட்ட மாத்திரைக்கே ஏறிடும். ஃபெரிட்டின்தான் சேமிப்புக் கணக்கு. அது 15 நானோகிராமுக்குக் கீழ போனா பெரியவங்களுக்கு இரும்பு தீந்துடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கு, பல டாக்டருங்க 30க்குக் கீழ வந்தாலே குறைபாடுன்னு எடுத்துக்கறாங்க. ஹீமோகுளோபின் இன்னும் நார்மலா இருக்கறப்பவே ஃபெரிட்டின் விழுந்திருக்கலாம், காரணம் தெரியாத அசதிக்கு இந்த டெஸ்டைக் கேட்டு வாங்கறதுல தப்பே இல்ல.

ஃபெரிட்டினுக்கும் ஒரு குறை உண்டு, காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம், ஈரல் நோய்னு உடம்புல அழற்சி இருந்தா இரும்பு இல்லாமலே அது ஏறிக்கும். அதனாலதான் கூடவே அழற்சியைக் காட்டற சிஆர்பி டெஸ்ட் எடுத்துப் பாக்கறது, அழற்சி இருக்கற பெரியவங்களுக்கு ஃபெரிட்டின் 70க்குக் கீழ இருந்தாலே குறைபாட்டைச் சந்தேகிக்கணும். அப்பவும் குழப்பமா இருந்தா டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்துல இரும்பைச் சுமக்கற புரதம் எவ்ளோ நிரம்பியிருக்குங்கற அளவு) 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கான்னு பாப்பாங்க.

பி12 200 பிகோகிராமுக்குக் கீழ இருந்தா குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவுல தொங்கினா மீத்தைல்மலோனிக் ஆசிட் டெஸ்ட் உதவும். முக்கியமான ஒரு எச்சரிக்கை, பி12 குறைஞ்சவங்க ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டா ஹீமோகுளோபின் ஏறிடும், நரம்பு மட்டும் சத்தமில்லாம கெட்டுக்கிட்டே போகும், சில நேரம் திரும்பி வராத அளவுக்கு. மாமிசம் நல்லா சாப்பிடற ஒருத்தருக்கு பி12 இல்லன்னா வயிறு அதை உறிஞ்ச விடலைன்னு அர்த்தம், பி12 உறிஞ்சறதை உடம்போட எதிர்ப்பு சக்தியே தடுக்கற பெர்னிஷியஸ் அனீமியாவுக்கான ஆன்டிபாடி டெஸ்ட் பாக்கணும்.

ரெட்டிக்குலோசைட் கவுன்ட்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப உபயோகமான டெஸ்ட், நிறைய பேர் எடுக்கறதே இல்லங்கறது என் குறை. புதுசா பிறந்த அணு எத்தனைன்னு அது சொல்லும். ஏறி இருந்தா மஜ்ஜை ஒழுங்கா வேலை செய்யுது, ரத்தம் எங்கயோ போகுது இல்ல உடையுது. இறங்கி இருந்தா உற்பத்தியே படுத்திடுச்சு. உடையுதுன்னு சந்தேகம் வந்தா எல்டிஹெச், பிலிருபின், ஹாப்டோகுளோபின், கூம்ப்ஸ் டெஸ்ட், ஜி6பிடின்னு போகும். பெரிஃபெரல் ஸ்மியர்னு கண்ணாடித் தகட்டுல ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கறது பழைய முறைதான், ஆனா மெஷினுக்குத் தெரியாத பல விஷயம் ஒரு நல்ல பெத்தாலஜிஸ்ட் கண்ணுக்கு அதுல மாட்டும்.

சாம்பிள் கொடுக்கறப்ப: அயர்ன் மாத்திரையை முந்தின நாளே நிறுத்துங்க. பி12 ஊசி போட்டுட்டு பி12 டெஸ்ட் எடுக்காதீங்க. ரத்தம் ஏத்தப் போறாங்கன்னா, அவசரம் அனுமதிச்சா, ஏத்தறதுக்கு முன்னாடி இந்த டெஸ்டுக்கெல்லாம் சாம்பிள் எடுத்து வைக்கச் சொல்லுங்க, ஏத்தினதுக்கு அப்புறம் அடுத்தவங்க அணுவும் கலந்து ரிசல்ட் குழம்பிடும், ஹெச்பிஎல்சிக்கு சுமார் 3 மாசம் காத்திருக்கணும். சுகர் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, இரும்பு குறைபாட்டுல ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி) இருக்கறதை விட ஏறிக் காட்டலாம், அணு சீக்கிரம் உடையற நோய்ல குறைச்சுக் காட்டும், அதை நம்பி மருந்து டோஸை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ரத்த சோகை இருக்குன்னு சொல்லிடுங்க.

இரும்பு குறைபாடுன்னு தெரிஞ்சதும் வேலை முடியல

ஆம்பளைங்களுக்கும் பீரியட்ஸ் நின்ன பொம்பளைங்களுக்கும் இரும்பு குறைபாட்டு ரத்த சோகை இருந்தா, வேற தெளிவான காரணம் இல்லாத பட்சத்துல எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாய் விட்டு வயித்தையும் பெருங்குடலையும் பாக்கறது) ரெண்டும் பண்ணிப் பாக்கணும்னுதான் மருத்துவ வழிகாட்டுதல் சொல்லுது. மலத்துல ரத்தம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துடுச்சேன்னு தப்பிச்சுக்க முடியாது, கசிவு விட்டு விட்டு வரும். "மூலம் இருக்கு, அதனாலதான்"னு நாமளே முடிவு கட்டறதும் ஆபத்து, மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். சின்ன வயசு பொம்பளைங்களுக்கு பீரியட்ஸ் அதிகம்னா கர்ப்பப்பை ஸ்கேன், ரத்தம் உறையற தன்மைல குறை இருக்கான்னு டெஸ்ட், சீலியாக் டெஸ்ட்.

மாத்திரைக்கு உடம்பு எப்படி பதில் சொல்லுதுங்கறதும் ஒரு டெஸ்ட்தான். சரியா போச்சுன்னா ஒரு வாரம் பத்து நாள்ல ரெட்டிக்குலோசைட் ஏறும், 3, 4 வாரத்துல ஹீமோகுளோபின் 1லேர்ந்து 2 கிராம் ஏறும். ஏறலைன்னா டோஸைக் கூட்டறதுக்கு முன்னாடி கேக்கணும்: ஒழுங்கா சாப்பிட்டாங்களா, காபி டீ பால் கால்சியம் மாத்திரையோட சேத்து முழுங்கினாங்களா, கசிவு இன்னும் நிக்கலையா, குடல் உறிஞ்சலையா, வயித்துல ஹெச் பைலோரி கிருமி இருக்கா, ஆரம்பத்துல சொன்ன காரணமே தப்பா? வயிறு ஒத்துக்கலைன்னு நிறுத்திடறவங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, இரும்பு உள்ள போனதும் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறி அடுத்த ஒரு நாளைக்கு உறிஞ்சறதைக் குறைக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. நம்பர் நார்மலானதும் நிறுத்தக்கூடாது, சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாசம் தொடரணும். மாத்திரையைக் குழந்தைங்க கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க, அயர்ன் அதிகமா உள்ள போனா குழந்தை உயிருக்கே ஆபத்து.

உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி, மயக்கம் போட்டு விழறது, ரத்த வாந்தி, தார் மாதிரி மலம், ரெண்டு மணி நேரமா மணிக்கு ஒரு பேட் நனையறது, இதுல எது இருந்தாலும் டெஸ்ட் வரிசை, அப்பாயின்ட்மென்ட் எதுவும் பாக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, கைல பழைய ரிப்போர்ட்டும் சாப்பிடற மாத்திரை அட்டைகளும் இருக்கட்டும்.